கார் டிராக்கர் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

திருட்டுப் பயத்தில் காருக்கு ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டும் பலர், மாட்டிய அன்று ஆப்பைத் திறந்து வரைபடத்தில் புள்ளி நகர்வதைப் பார்ப்பதோடு சரி. அப்புறம் அதன் பக்கமே போவதில்லை. சிம்மின் காலக்கெடு முடிந்து கருவி எப்போதோ வாயை மூடியிருக்கும். அது தெரியவருவது, வண்டி நிறுத்திய இடத்தில் இல்லாதபோதுதான்.

டிராக்கர் செய்வது இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்று, செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுவது. இதில் அது எதையும் அனுப்புவதில்லை, கேட்பது மட்டும்தான். இரண்டு, அந்தக் கணக்கை உள்ளே இருக்கும் சிம் வழியாக மொபைல் டவருக்கு அனுப்பி சர்வரில் சேர்ப்பது. இரண்டுக்கும் மின்சாரம் கார் பேட்டரியிலிருந்து வருகிறது. கேட்பது, சொல்வது, மின்சாரம். இந்த மூன்றில் எது அறுந்தது என்று தெரிந்துவிட்டால் பிறகு நீங்கள் தேட வேண்டிய இடம் மிகச் சிறியது.

அதைத் தெரிந்துகொள்ள ஆப்பிலேயே வழி இருக்கிறது. வரைபடத்தை விடுங்கள், புள்ளியைத் தொட்டால் வரும் விவரங்களைப் பாருங்கள். பெரும்பாலான ஆப்களில் இரண்டு நேரங்கள் இருக்கும்: கருவி கடைசியாகச் சர்வரோடு பேசிய நேரம், கடைசியாக இடத்தைப் பிடித்த நேரம். இரண்டும் பழையதாக நின்றுவிட்டால் சொல்வதிலோ மின்சாரத்திலோ கோளாறு. முதல் நேரம் புதிது, இரண்டாவது மட்டும் பழையது என்றால் கேட்பதில் கோளாறு. கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும் இந்த இரண்டு நேரங்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஆப்பில் "ஆஃப்லைன்", இரண்டு நேரங்களும் பழையவை

காரைப் பிரிக்கக் கிளம்பாதீர்கள். முதலில் டிராக்கரில் இருக்கும் சிம் எண்ணுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள். மணி அடித்தால் கருவிக்கு மின்சாரம் இருக்கிறது, டவரும் கிடைக்கிறது என்று பொருள். போகாதது டேட்டா மட்டும். டேட்டா பேக் தீர்ந்திருக்கலாம், அல்லது ஏபிஎன் அமைப்பு, அதாவது நிறுவனத்தின் டேட்டா நெட்வொர்க்கில் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் பெயர், தவறியிருக்கலாம். சிம்மை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய பிறகு கருவி பேசவில்லை என்றால் நேராக ஏபிஎன்னுக்கே போங்கள். புது நிறுவனத்தின் ஏபிஎன் பெயரை எஸ்எம்எஸ் கட்டளையாக அனுப்ப வேண்டும். கட்டளையின் வடிவம் ஒவ்வொரு கருவிக்கும் வேறு என்பதால் கையேட்டைப் பார்த்து ஒரு எழுத்து, ஒரு கால்புள்ளி பிசகாமல் அடியுங்கள். டேட்டா மட்டும் தரும் சிம்களுக்குக் கால் போகாது. அவற்றுக்குச் சேவை தருபவரின் பக்கத்தில் சிம் கடைசியாக எப்போது இணைந்தது என்று பார்க்கலாம்.

கால் போட்டால் "சுவிட்ச் ஆஃப்" என்று வந்தால் காருக்குப் போக வேண்டியதுதான். கருவியில் மின்சாரம், மொபைல் சிக்னல், ஜிபிஎஸ் மூன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனி விளக்குகள் இருக்கும். ஒன்றுகூட எரியவில்லை என்றால் வயரோடு வரும் சின்ன ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் மல்டிமீட்டரை எடுத்து, கருவிக்கு வரும் சிவப்பு வயருக்கும் கருப்பு வயருக்கும் நடுவே அளந்து பாருங்கள். 12 வோல்ட் பக்கம் வர வேண்டும். வரவில்லை என்றால் மீட்டரின் சிவப்பு முனையைச் சிவப்பு வயரிலேயே வைத்துக்கொண்டு, கருப்பு முனையை மட்டும் காரின் உடம்பில் உள்ள பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வையுங்கள். இப்போது வோல்டேஜ் வந்தால் எர்த் சரியில்லை. பெயிண்ட் பூசிய தகட்டின்மேல் கருப்பு வயரின் வளையத்தை வைத்துத் திருகிவிட்டுப் போயிருப்பார்கள். முதலில் சில மாதம் ஓடும், துரு ஏறியதும் நின்றுவிடும்.

மின்சார விளக்கு எரிகிறது, மொபைல் விளக்கு மட்டும் தேடிக்கொண்டே இருக்கிறதா? சிம்மைக் கழற்றி ஒரு போனில் போடுங்கள். பின் எண் கேட்டால் அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள், கருவியால் பின் எண்ணை அடிக்க முடியாது. போனில் நன்றாக வேலை செய்கிறது, டிராக்கரில் மட்டும் இல்லை என்றால், கருவி எந்தத் தலைமுறை நெட்வொர்க்குக்கானது என்று பாருங்கள். மலிவான டிராக்கர்களில் நிறைய 2ஜி மட்டும் தெரிந்தவை. உலகம் முழுக்க அந்த நெட்வொர்க்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பரில் 2ஜியை நிறுத்தியது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2017 தொடக்கத்தில் 2ஜியையும் 2022 பிப்ரவரியில் 3ஜியையும் நிறுத்தியது. கருவியில் ஒரு பழுதும் இருக்காது, அது பேச டவர்தான் இருக்காது. இதற்கு ரிப்பேர் கிடையாது, 4ஜி கருவி வாங்க வேண்டும். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் விற்கும் இடங்களில் இதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

அறிகுறி: அடிக்கடி அறுந்து, தானாகவே திரும்ப வருகிறது

டேட்டா அனுப்பும் கணங்களில் மோடத்தின் மின்தேவை சட்டென்று எகிறும். இணைப்பு தளர்வாக இருந்தால் அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரிந்து கருவி ரீசெட் ஆகிவிடும். பார்ப்பவருக்கு நெட்வொர்க் பிரச்சினை போலத் தெரியும். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புகளை வெட்டிவிட்டு, கிரிம்ப் செய்து அல்லது சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஒரே பகுதியைக் கடக்கும்போது மட்டும் அறுந்தால் அது டவர் இல்லாத இடம், கருவியைக் குறைசொல்ல வேண்டாம். நல்ல கருவிகள் அந்த இடைவெளியைச் சேமித்து வைத்துப் பிறகு மொத்தமாக அனுப்பிவிடும்.

அறிகுறி: ஆன்லைனில் இருக்கிறது, இடம் மட்டும் பழையது அல்லது தவறு

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து தரைக்கு வந்து சேரும் சிக்னல் மிகமிக நலிந்தது. மெல்லிய தகடு ஒன்று குறுக்கே இருந்தாலும் போதும், கருவிக்குக் காது கேட்காது. திருடன் கண்ணில் படக்கூடாது என்று டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்டீல் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் திணித்துவிடுகிறார்கள். மறைப்பது சரிதான், ஆனால் மேலே பிளாஸ்டிக், துணி, ரப்பர் மட்டும் இருக்கும் இடமாகப் பாருங்கள். ஆன்டெனா இருக்கும் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாக வைத்த கருவி வேலையே செய்யாது என்றில்லை, தடுமாறித் தடுமாறிச் செய்யும். அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த முன்கண்ணாடி சில கார்களில் வருகிறது. அதன் அடியிலும் இதே கதைதான். இன்னொரு ஒளிந்த எதிரி, பக்கத்தில் செருகியிருக்கும் மலிவான யுஎஸ்பி சார்ஜர் அல்லது டேஷ்கேம். அவை கிளப்பும் மின் இரைச்சல் ஜிபிஎஸ்ஸைத் தொந்தரவு செய்யும். அவற்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஆப்பில் "செயற்கைக்கோள் எண்ணிக்கை" என்று ஓர் எண் இருந்தால் அது உடனே ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். இடத்தைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை.

கருவி வெகுநாள் மின்சாரமில்லாமல் கிடந்திருந்தால் பொறுமை வேண்டும். எந்தெந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற முழு அட்டவணையும் வானிலிருந்து இறங்கி முடிய 12.5 நிமிடம் ஆகும். மரநிழலோ கட்டடமோ இல்லாத வெட்டவெளியில் கால் மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பிறகு முடிவுக்கு வாருங்கள்.

நிலத்தடி பார்க்கிங்கில் இடம் கிடைக்காது, அது பிழையல்ல. அங்கே போனதும் புள்ளி திடீரென்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குதித்தால் பதறாதீர்கள். ஜிபிஎஸ் கிடைக்காதபோது பல கருவிகள் டவரை வைத்து இடத்தை உத்தேசமாகச் சொல்லும். ஆப்பில் அதற்கு வேறு நிறமோ "எல்பிஎஸ்" என்ற குறியோ இருக்கும். அந்தக் குறி எப்படித் தெரியும் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் டவர் புள்ளியை வண்டியின் இடமென்று நம்பிப் போனால் தவறான தெருவில் நிற்பீர்கள்.

அறிகுறி: நிறுத்திய வண்டி வரைபடத்தில் உலாவுகிறது, தேவையில்லாமல் அலாரம் அடிக்கிறது

சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் நிற்கும் வண்டியின் புள்ளி கொஞ்சம் அலையும். வண்டி நிற்கிறது என்று கருவிக்குத் தெரிந்தால் அந்த அலைச்சலை அதுவே வடிகட்டிவிடும். தெரிவது பெரும்பாலும் ஏசிசி வயர் மூலம், அதாவது சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர். அது எங்கும் இணைக்கப்படாமல் தொங்கினாலோ, எப்போதும் மின்சாரம் இருக்கும் வயரோடு சேர்ந்திருந்தாலோ, வண்டி எந்நேரமும் ஓடுவதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். சாவியை எடுத்ததும் ஆப்பில் "இக்னிஷன் ஆஃப்" என்று மாறுகிறதா பாருங்கள். வண்டி தாண்டினால் அலாரம் அடிக்க வரைபடத்தில் போடும் எல்லை வட்டத்தை 20, 30 மீட்டருக்கு வைத்தால் நள்ளிரவில் எழுப்பிக்கொண்டே இருக்கும். 150, 200 மீட்டருக்கு ஏற்றுங்கள்.

எதிர்ப் பிரச்சினை இன்னும் மோசம். அலாரம் ஆப்புக்குள் பதிவாகியிருக்கும், போனில் சத்தமே வந்திருக்காது. போனின் பேட்டரி சேமிப்பு வசதி அந்த ஆப்பைத் தூங்க வைத்திருக்கும். அந்த ஒரு ஆப்புக்கு விலக்கு கொடுங்கள். வயர் துண்டிப்பு அலாரத்தை மட்டுமாவது எஸ்எம்எஸ்ஸாகவோ காலாகவோ வரும்படி வையுங்கள்.

அறிகுறி: தேதி, நேரம் தவறு

சில மணி நேரம் முன்பின் என்றால் நேர மண்டல அமைப்பு மட்டும்தான். தேதி ஏறக்குறைய 19 ஆண்டு 7 மாதம் பின்னால் காட்டினால் விஷயம் வேறு. ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரைதான் எண்ணி மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். 2019 ஏப்ரல் 6 அன்று அப்படிப் போனது. அடுத்தது 2038 நவம்பரில். உள்மென்பொருள் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்துச் சில கருவிகள் வேறு தேதிகளிலும் இப்படிக் குழம்பும். புதுப்பிப்பு கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் கருவியை மாற்றுங்கள். தவறான தேதியுள்ள பதிவைப் போலீசிடம் காட்டி விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அறிகுறி: சில நாள் நிறுத்தினால் கார் பேட்டரி இறங்கிவிடுகிறது

டிராக்கரைத் திட்டும் முன் ஒரு சின்னக் கணக்கு. பூட்டி நிறுத்திய கார் தன்னளவிலேயே 30 மில்லியாம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 வரை இயல்பு என்றுதான் பொதுவாகக் கொள்வார்கள். தூங்காத டிராக்கர் இன்னொரு 60 இழுத்தால் மொத்தம் 90. ஒரு நாளைக்கு 2.16 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி பத்து நாளில் ஏறக்குறைய பாதி காலி. பேட்டரி பழையது என்றால் அதற்கும் முன்பே ஸ்டார்ட்டர் "டக் டக்" என்று நின்றுவிடும்.

அளக்கும் முறை இது. கதவுகளை மூடிப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள், காரின் மற்ற கணினிகள் தூங்கப் போக வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணையுங்கள். கேபிளைக் கழற்றி மாட்டினால் அந்தக் கணினிகள் மறுபடி விழித்துக்கொள்ளும், அவை அடங்கும்வரை இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது தவறியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எண் ஓரிடத்தில் நிலைத்ததும் டிராக்கரின் ஃபியூஸை உருவுங்கள். எண் எவ்வளவு குறைகிறதோ அதுதான் டிராக்கரின் பங்கு. நாலைந்து மில்லியாம்பியர் மட்டும் குறைந்தால் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறது.

டிராக்கர்தான் என்றால், ஏன் தூங்கவில்லை என்று கேளுங்கள். ஏசிசி வயர் தவறாக இருக்கலாம். அதிர்வு உணரி அளவுக்கு மீறிக் கூர்மையாக வைக்கப்பட்டு, பக்கத்தில் லாரி போனாலே விழித்துக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத இடத்தில் நிறுத்தினால் மோடம் டவரைத் தேடித் தேடியே மின்சாரத்தைத் தின்னும். ஓபிடி துளையில், அதாவது மெக்கானிக் பழுது பார்க்கும் கருவியை மாட்டும் துளையில், செருகும் வகைக்கும் இது பொருந்தும். அந்தத் துளையின் 16ஆம் பின்னில் சாவி இல்லாமலேயே மின்சாரம் இருக்கும். திருட்டுப் பாதுகாப்புக்கு அந்த வகையை நான் பரிந்துரைப்பதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டால் ஒரு நொடியில் உருவிவிடலாம்.

அறிகுறி: எஞ்சின் ஓடும்போது அணைகிறது, அல்லது ஸ்டார்ட் ஆகவில்லை

இது டிராக்கரால் வரக்கூடிய மிக ஆபத்தான பிழை. ஆப்பிலிருந்து எஞ்சினை நிறுத்த, எரிபொருள் பம்ப் போன்றவற்றின் வயரை வெட்டி நடுவே ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வைத்திருப்பார்கள். ஐந்து கால் ரிலேயில் 85, 86 என்று எண்ணிட்ட கால்கள் சுருளுக்கானவை. வெட்டிய வயரின் இரு முனைகளும் 30, 87ஏ கால்களில் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் ரிலேக்கு மின்சாரம் இல்லாதபோதும் வழி திறந்தே இருக்கும். டிராக்கர் செத்தாலும் கார் ஓடும். 87ஏ-க்குப் பதில் 87இல் மாட்டியிருந்தால் டிராக்கர் ரீசெட் ஆகும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அணையும்.

இணைப்பு சரி, ஆனாலும் அணைகிறதா? ரிலேயைத் தொட்டுப் பாருங்கள். எரிபொருள் பம்ப் இழுக்கும் மின்சாரம் சில ஆம்பியர்கள் இருக்கும். மெல்லிய வயரோ தளர்ந்த கிரிம்போ அதில் சூடாகும். பிளாஸ்டிக் உறை பழுப்பேறியிருந்தால் அதுவே சாட்சி. வெட்டிய இரு முனைகளையும் அதே தடிமன் வயரால் நேராகச் சேர்த்துச் சில நாள் ஓட்டுங்கள். கோளாறு மறைந்தால் ரிலே பக்கம்தான் பிழை.

எரிபொருள் பம்பில் ரிலே வைப்பதைவிட ஸ்டார்ட்டரின் கட்டுப்பாட்டு வயரில் வைப்பதே நல்லது என்பேன். ஓடும் வண்டியை அது அணைக்காது. அடுத்த முறை கிளம்புவதைத்தான் தடுக்கும். பம்பில்தான் வேண்டும் என்றால், வேகம் மிகக் குறைந்த பிறகே கட்டளை நிறைவேறும் வசதியுள்ள கருவியாக இருக்கட்டும். வேலை செய்யும்போது மஞ்சள் நிற வயர்களையும் கனெக்டர்களையும் தொடாதீர்கள், அவை வழக்கமாக ஏர்பேக்குக்கு உரியவை.

அறிகுறி: நீங்கள் அனுப்பாத கட்டளை, தெரியாத லாகின்

முதலில் கடவுச்சொல். 2019இல் அவாஸ்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஏறக்குறைய 6 லட்சம் டிராக்கர்கள் 123456 என்ற தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இருப்பதாகச் சொன்னார்கள். 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, மைகோடஸ் எம்வி720 என்ற கார் டிராக்கரில் இருந்த கடுமையான ஓட்டைகளைப் பற்றி எச்சரித்தது. வண்டியின் இடத்தை மற்றவர் பார்ப்பதும், எரிபொருளை நிறுத்துவதும்கூடச் சாத்தியமாக இருந்தது. ஆப் கடவுச்சொல், எஸ்எம்எஸ் கட்டளைக் கடவுச்சொல் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டாவதைத்தான் மறந்துவிடுவோம். மாட்டிக்கொடுத்தவரின் கணக்கு இன்னும் இணைந்திருந்தால் நீக்குங்கள். பழைய காரை வாங்கியிருந்தால், முன்னாள் உரிமையாளர் வைத்த டிராக்கர் உள்ளே இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

அறிகுறி: ப்ளூடூத் டேக் நேரத்துக்கு இடம் காட்டுவதில்லை

ஏர்டேக் போன்றவற்றில் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. பக்கத்தில் போகும் யாருடைய போனாவது கேட்டுச் சொன்னால்தான் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அது ஊமை. சிஆர்2032 பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூடவே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒருவரை அவருக்குத் தெரியாமல் பின்தொடர்வதைத் தடுக்க, இந்த டேக்குகள் உடன் பயணிப்பவரின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். 2024 மே முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இது வருகிறது. அதாவது திருடனுக்கும் வரும். கூடுதல் காவலாக வையுங்கள், ஒரே காவலாக வேண்டாம்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று மொத்தமாக மறைந்தது

இங்கேதான் கடைசிப் பதிவை வரிவரியாகப் படிக்க வேண்டும். "வெளி மின்சாரம் துண்டிப்பு" என்ற அலாரம் வந்து, அதன்பின் சில மணி நேரம் புள்ளி வந்திருந்தால் வயரை வெட்டியிருக்கிறார்கள், கருவிக்குள்ளேயே இருக்கும் சின்ன உள் பேட்டரியில் அது பேசியிருக்கிறது. அலாரம் வந்த உடனே ஊமையாகிவிட்டால் உள் பேட்டரி செத்துப்போயிருக்கிறது. இதை முன்கூட்டியே சோதிக்கலாம். ஃபியூஸை உருவிவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். வெப்பத்தில் கிடக்கும் அந்தக் குட்டி லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் உப்பிப்போவது சாதாரணம்.

வோல்டேஜ் கடைசிவரை ஒழுங்காக இருந்து, செயற்கைக்கோள் எண்ணிக்கை பூஜ்யமாகி, சில நொடியில் தொடர்பும் போயிருந்தால் ஜாமர், அதாவது சிக்னலை அமுக்கிவிடும் கருவி, என்று சந்தேகிக்கலாம். அல்லது வண்டி கன்டெய்னருக்குள் ஏற்றப்பட்டிருக்கலாம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன ஜாமரின் வீச்சைக் குறைத்து எடைபோட வேண்டாம். முதலாளி தன் வண்டியைப் பார்க்கக்கூடாது என்று அப்படி ஒன்றைச் செருகிக்கொண்டு போன ஓட்டுநர் ஒருவர், நியூவார்க் விமான நிலையத்தில் சோதனையில் இருந்த ஜிபிஎஸ் சார்ந்த தரையிறங்கு உதவியையே தடுமாற வைத்தார். 2013இல் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி அவருக்கு 31,875 டாலர் அபராதம் அறிவித்தது.

ஜாமருக்கு எதிராக ஆப்பில் செய்யக்கூடியது எதுவுமில்லை. முன்கூட்டியே செய்யக்கூடியது உண்டு. திருடுபோன வண்டியைத் தேடித் தரும் லோஜாக் போன்ற சேவைகள் பயன்படுத்திய விஎச்எஃப் ரேடியோ முறை ஜிபிஎஸ்ஸையும் மொபைலையும் நம்பியில்லை, கட்டடத்துக்குள் இருக்கும் வண்டியையும் தேடும் கருவியால் பிடிக்க முடியும். அந்தச் சேவை கிடைக்காவிட்டால், வயரே இல்லாத, சொந்த பேட்டரியில் ஓடும் இரண்டாவது டிராக்கரை வேறொரு மூலையில் வையுங்கள். நாளுக்கு ஓரிரு முறை விழித்து இடத்தைச் சொல்லிவிட்டுத் தூங்கும் வகையாக இருக்கட்டும். தூங்கும் கருவி எந்த அலையையும் வீசாது, அலை தேடும் மீட்டரோடு வருபவருக்கும் அது அகப்படாது. முதல் டிராக்கரைக் கண்டுபிடித்துப் பிடுங்கிய திருடன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வான், ஜாமரையும் எந்நேரமும் ஓடவிடமாட்டான்.

வண்டி உண்மையிலேயே போய்விட்டால்

நேராகப் போலீசுக்குச் சொல்லுங்கள். நீங்களே துரத்திப் போகாதீர்கள், கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டும் போகாதீர்கள். திருடிய வண்டியை ஒதுக்குப்புறமாக ஒன்றிரண்டு நாள் நிறுத்தி, யாராவது தேடி வருகிறார்களா என்று தள்ளி நின்று பார்ப்பது திருடர்களின் பழக்கம். புள்ளி அசையாமல் நிற்கிறதே என்று தனியாகப் போய் நிற்க வேண்டாம்.

வெளி மின்சாரம் இருக்கும்வரை, கருவி தன் இடத்தை அனுப்பும் இடைவெளியைச் சில நொடிகளுக்குக் குறைக்கலாம். உள் பேட்டரிக்கு மாறிவிட்டால் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் போலீஸ் வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும். எஞ்சின் நிறுத்தக் கட்டளையை வண்டி ஓடும்போது அனுப்பாதீர்கள். பின்னால் வருபவர் மோதினால் பாதிப்பு அவருக்கு. வண்டி நின்ற பிறகு, போலீஸ் சொன்னால் அனுப்புங்கள்.

போலீசுக்கு ஆப் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஆப்களில் சில மணி நேரம் மட்டும் செல்லும் நேரடி இணைப்பு ஒன்றை உருவாக்கிப் பகிரலாம். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வையுங்கள். திருட்டு நடந்த நேரத்தைச் சுற்றியுள்ள பயணப் பதிவை அன்றே தரவிறக்கிக்கொள்ளுங்கள். பல சேவைகள் சில மாதங்களுக்கு மேல் பழைய பதிவுகளை வைத்திருப்பதில்லை. காப்பீட்டுக்காரர் அதைக் கேட்கும்போது சர்வரில் இருக்காமல் போகலாம்.